முடியாத கதைக்கு முன்பணம்

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதிப் பழகிய நான், இந்தத் தடவை ஒரு விளம்பரக் காகிதத்துக்கு எழுதப் போகிறேன். மொத்தம் நாலே பக்கம். ஆசிரியர் பெயர் கிடையாது. உல்லாசக் கப்பல் கம்பெனி ஒன்று அச்சிட்டது. அது என் கைக்கு வந்த இடமும் வேளையுந்தான் விசேஷம்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நாலு இரவுப் பிரயாணம். நானும் என் மனைவியும் போயிருந்தோம். கடைசி நாள் கரையே கிடையாது. பொழுது விடிந்ததிலிருந்து கடல்தான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் நீளமான வரிசை. அங்கேதான் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்கள். அடுத்த பிரயாணத்தை இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள், இந்தச் சலுகை கப்பலை விட்டு இறங்கும் வரையில்தான் என்பது அதன் சாரம்.

சலுகை பொய் என்று சொல்லமாட்டேன். வழக்கமாகக் கட்ட வேண்டிய முன்பணத்தில் ஒரு பகுதியைக் கட்டினால் போதும். அடுத்த பிரயாணத்தில் கப்பலுக்குள் செலவழிப்பதற்கென்று ஒரு தொகையை நம் கணக்கில் வரவு வைக்கிறார்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்பதைப் பிறகு யோசித்துச் சொல்லலாம் என்று விட்டுவைக்கும் கம்பெனிகளும் உண்டு. வருஷா வருஷம் கப்பலேறுகிறவர்களுக்கு இதெல்லாம் ஆதாயந்தான். ஆனால் டிக்கெட்டின் விலை குறையும் என்று அந்தக் காகிதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. குறைவது முன்பணம்; கிடைப்பது கப்பலிலேயே தீர்த்துவிட வேண்டிய வரவு. மலிவான சில கட்டணங்களுக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வராது என்பது மட்டும் பொடி எழுத்தில் இருந்தது.

இவை வியாபாரியின் விஷயங்கள். கதாசிரியன் என்ற முறையில் என்னைத் தடுத்து நிறுத்தியது அதன் நடை. நாலு பக்கத்திலும் நடந்து முடிந்த காரியம் ஒன்றுகூட இல்லை. காண்பீர்கள், ருசிப்பீர்கள், கவலையை மறப்பீர்கள் என்று எல்லாமே எதிர்காலம். நடந்தது என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டால், எப்படி நடந்தது என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிடும் அல்லவா? பினாங்கில் தொப்பலாக நனைந்தது, புக்கெட்டில் கரைக்குப் போகும் படகுக்காக ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிடும்.

இந்த வித்தையை எனக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பதினைந்து வருஷமாகத் தொடர்கதை எழுதுகிறவன் நான். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். வாசலில் நிற்பது யார் என்று சொல்லாமல் ‘தொடரும்’ என்று போட்டுவிடுகிறேன். முந்தின மூன்று வாரமாகக் கதை நகரவே இல்லை என்பதை வாசகர் அந்தக் கணத்தில் மறந்துபோகிறார். பிறகு அது புத்தகமாக வரும்போது, ஒரே மூச்சில் படிக்கிறவரிடம் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. என் வாசகர் அடுத்த வார இதழுக்கு அடுத்த வாரந்தான் காசு கொடுக்கிறார். கப்பல்காரர் இந்த வாரமே வாங்கிக்கொள்கிறார்.

வரிசையில் நின்றபோது மார்க் ட்வெயின் நினைவுக்கு வந்தார். 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து ‘குவேக்கர் ஸிட்டி’ என்ற நீராவிக் கப்பல், ஐரோப்பாவையும் பாலஸ்தீனத்தையும் சுற்றிக் காட்டுவதற்காகப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ட்வெயினும் அதில் போனார். அவருக்காகக் கட்டணம் செலுத்தியது ஸான் பிரான்ஸிஸ்கோ பத்திரிகை ஒன்று. 1869-ல் அந்த அனுபவத்தை ‘தி இன்னொஸென்ட்ஸ் அப்ராட்’ என்ற நூலாக வெளியிட்டார். முதல் அத்தியாயத்திலேயே கப்பல்காரர்களின் விளம்பரத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். கட்டணம் 1,250 டாலர். அதில் பத்து சதவிகிதம் முன்பணம் கட்டினால்தான் இடம் நிச்சயம். முந்திக்கொண்டவருக்கு அறையையும் சாப்பாட்டு மேஜை இடத்தையும் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. ஜெனரல் ஷெர்மனும் பிரபல பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சரும் கூட வருவார்கள் என்று பேச்சு, இருவருமே வரவில்லை. ஆக, முன்பணமும் ஆசை காட்டலும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

எனக்கு அந்த நூலில் பெரிதாகப் படுவது அதன் கடைசிப் பக்கங்கள். நவம்பரில் கப்பல் நியூயார்க் திரும்பிய அன்று இரவே ட்வெயின் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். உல்லாசப் பிரயாணம் என்றார்களே, உல்லாசம் எங்கே என்று சக பிரயாணிகளைக் கிழித்துப் போட்ட கட்டுரை. அதை நூலில் அப்படியே சேர்த்திருக்கிறார். அதற்கப்புறம் ஒரு முடிவுரை வருகிறது. அதை எழுதியது ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. கசப்பானவை ஒவ்வொன்றாக மனத்தை விட்டுப் போய்விட்டன, இனிப்பானவையே மிஞ்சியிருக்கின்றன, அதே கப்பல் அதே பிரயாணத்துக்கு மறுபடி கிளம்பினால் சந்தோஷமாக ஏறிக்கொள்வேன் என்கிறார்.

ஒன்றை அடித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்திருக்கலாம். அவர் இரண்டையும் வைத்தார். அந்த நேர்மைக்காகவே நான் அந்த நூலைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். எந்தப் பிரயாணத்துக்கும் மூன்று தீர்ப்புகள் உண்டு போலும்: கப்பலில் இருக்கும்போது ஒன்று, இறங்கின அன்று ஒன்று, வருஷம் போன பிறகு ஒன்று. வேளைக்குச் சாப்பாடு வந்து, படுக்கையை வேறு யாரோ விரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சொல்லும் தீர்ப்புத்தான் மூன்றிலும் பலவீனமானது. மேஜைக்காரர்கள் கையெழுத்து வாங்குவது அதன்மேல்தான்.

இதையெல்லாம் கொஞ்சம் பெருமையோடேயே என் மனைவியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

“நீங்க சொல்றது புஸ்தகத்துக்குச் சரி” என்றாள். “போன வருஷம் நான் ஆஸ்பத்திரியிலே கிடந்தப்போ, அடுத்த தீபாவளிக்கு என்ன செய்யலாம்னு ஒருத்தர்கூட என்கிட்டே கேக்கலை. நீங்களும் கேக்கலை. அந்த மேஜையிலே இருக்கிற பொண்ணு, ரெண்டு வருஷம் கழிச்சு எந்த மாசம் வரீங்கன்னு எல்லாரையும் கேக்கறா. என்னையும் கேக்கட்டும். நான் பதில் சொல்லிட்டு வரேன்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் முறை வந்தது. முன்பணம் திரும்பி வருமா, எத்தனை வருஷத்துக்குச் செல்லும், ஊருக்குப் போய் விசாரித்தால் இதே கட்டணம் குறைவாகக் கிடைக்க வழி உண்டா என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன். வாசகர்கள் யாராவது அப்படி ஒரு மேஜைக்கு முன்னால் நிற்க நேர்ந்தால் இந்த மூன்றையும் கேளாமல் கையெழுத்துப் போட வேண்டாம். முதல் இரண்டுக்கும் திருப்தியான பதில் வந்தது. மூன்றாவதற்கு அந்தப் பெண் சிரித்தாள். எந்த மாசம் என்று கேட்டபோது என் மனைவி யோசிக்காமல் “ஜனவரி” என்றாள். பணத்தைக் கட்டினோம்.

அந்தக் காகிதத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. எழுத்து என்று பார்த்தால் மட்டமான எழுத்து. படிக்கிறவரை யோசிக்க விடாமல் அவசரப்படுத்துகிறது. ஆனால் அவள் அதில் படித்துக்கொண்டது அதை எழுதியவர்கள் நினைத்தும் பார்க்காத ஒன்று. மட்டமான புத்தகங்களுக்கும் சில சமயம் இப்படி ஒரு வாசகர் கிடைத்துவிடுகிறார். மதிப்புரை எழுதும்போது அவரை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

ரசீது அலமாரியில் அவளுடைய மருந்துச் சீட்டுகளோடு இருக்கிறது. ஊர் திரும்பி ஏழு மாசமாகிறது. புக்கெட்டில் படகுக்காகக் காத்துக் கிடந்தது இப்போதெல்லாம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை.