அழிக்கும் கருவிக்கு யார் குறிப்பு எழுதுவது?

2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர், ரெப்லிட் தளத்தின் ஏஐ முகவரை வைத்து ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எதிலும் கைவைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், அது புழக்கத்தில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்களும், ஏறக்குறைய அதே அளவு நிறுவனங்களின் விவரங்களும் போயின. இனி மீட்கவே முடியாது என்றும் சொன்னது. லெம்கின் முயன்று பார்த்தார்; மீட்டுவிட்டார்.

இதில் இரண்டு தவறுகள் உள்ளன. அழித்தது முதல் தவறு. ‘செய்யாதே’ என்ற சொல் அங்கே தோற்றது. கருவி என்ன செய்யும் என்று முகவருக்குச் சொல்லும் இன்னும் நல்ல குறிப்பு இருந்திருந்தாலும் தரவைக் காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. மீட்க முடியாதென்று பொய்த் தகவல் தந்தது இரண்டாவது. அதை ஒரு நல்ல குறிப்பு தடுத்திருக்கலாம். ஏஐ முகவர்களுக்காகக் கருவிக் குறிப்பு எழுதும் புதிய வழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது தூரத்துச் செய்தியல்ல. அமேசான் தன் மலேசிய மேகக்கணினி மண்டலத்தை 2024 ஆகஸ்டில் திறந்தது. மைக்ரோசாஃப்ட் தன் மண்டலத்தை 2025 மே மாதத்தில் கோலாலம்பூர் வட்டாரத்தில் திறந்தது. கிள்ளான் துறைமுகத்துச் சரக்கு முகவரும் ஜாலான் தெங்கு கிளானா ஜவுளிக்கடைக்காரரும் இன்று கணக்கு வழக்கை அங்கே வைத்துக்கொள்ளலாம். “பழைய ரெக்கார்டையெல்லாம் கிளியர் பண்ணு” என்று ஏஐயிடம் சொல்லவும் செய்யலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். முகவர்களையும் கருவிகளையும் இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், 2025 மார்ச் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் சில அடையாளக் குறிகளைச் சேர்த்தது. இது படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று அவை சொல்லும். எழுதியவர் எதையும் குறிக்காமல் விட்டால், அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மௌனத்தை ஆபத்தாகக் கருதும் இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஆனால் இவை வெறும் குறிப்புகளே, நம்பகமற்ற இடத்திலிருந்து வந்தால் இவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று அதே விதிமுறை எச்சரிக்கிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. திரையிலுள்ள எழுத்தை உரக்கச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்டு அங்கே படிப்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த ஒன்றைக் கருவிக் குறிப்பு எழுதுவோர் இப்போதுதான் கற்கிறார்கள்: சிவப்புப் பெட்டியும் ஆச்சரியக்குறிப் படமும், எழுத்தை மட்டும் எடுத்துப் படிப்பவருக்குப் போய்ச் சேராது. ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்பதும் முகவருக்குப் பயனற்ற வரிதான். எது அழியும், எது மிஞ்சும், எங்கிருந்து எவ்வளவு நேரத்துக்குள் மீட்கலாம் என்று வாக்கியமாகவே எழுத வேண்டும்.

அமேசானின் ஆர்டிஎஸ் தரவுத்தளச் சேவையைப் பாருங்கள். அழிக்கும் கட்டளை தரும்போது, கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கு (அந்த நேரத்து நகலுக்கு)ப் பெயர் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஸ்னாப்ஷாட் வேண்டாமென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நல்ல தடுப்பு. ஆனால் வேறு ஏதும் சொல்லாவிட்டால் தானியங்கி பேக்கப்புகளும் கூடவே நீக்கப்படும். இதைத் தேடிப் படித்தால்தான் தெரியும். அழிப்புத் தடை போட்ட தரவுத்தளமானால் கட்டளை மறுக்கப்படும்; தடையை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள் என்ற தொனியில் பதில் வரும். மனிதர் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். வேலையை முடிப்பதையே குறியாகக் கொண்ட முகவருக்கோ இதுதான் அடுத்த கட்டளை! குறிப்பு எழுதுவோர் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத இடம் இந்தப் பிழைச்செய்திதான். ‘இங்கே நிறுத்து, உரிமையாளரிடம் கேள்’ என்று அது முடிந்திருக்க வேண்டும்.

மலேசியச் சட்டம் இன்னொரு முடிச்சைப் போடுகிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை தீர்ந்த தரவை அழிக்கச் சொல்கிறது. வருமான வரிச் சட்டமோ வணிகப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. ஒரே வாடிக்கையாளரின் பெயர் இரண்டிலும் இருக்கும். அமேசானோ வேறெவரோ எழுதும் பொதுக் குறிப்பில் இதற்கு விடை இருக்காது. நிறுவனமே எழுதிச் சேர்க்க வேண்டும். மேலும், 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பு தரும் அல்லது பெரிய அளவிலான தரவு மீறலைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது கட்டாயம். ‘மீறல்’ என்பதில் தரவு இழப்பும் அடங்கும். 1,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டால் அதைப் பெரிய அளவு என்கிறது ஆணையரின் வழிகாட்டி. லெம்கினுக்கு நேர்ந்தது கோலாலம்பூரில் நேர்ந்திருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும்.

ஆக, இந்த வழக்கத்தின் பெரிய குறை, குறிப்பைப் பூட்டாக நம்புவது. ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டபின் அறிவித்த முதல் மாற்றம், சோதனைத் தரவுத்தளத்தையும் புழக்கத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைப்பது. எச்சரிக்கை வாசகத்தைத் திருத்துவது அல்ல. புழக்கத் தரவை அழிக்கும் உரிமை முகவரின் கணக்கில் இருக்கவே கூடாது. அந்த உரிமையை எடுத்த பிறகு எழுதும் குறிப்புக்குத்தான் மதிப்பு.

மனிதரும் இதைச் செய்யக்கூடியவரே. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்தார். அப்போதுதான், வைத்திருந்த ஐந்து பேக்கப் முறைகளில் ஒன்றுகூட ஒழுங்காக இயங்கவில்லை என்று தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்று கிடைத்ததால் தப்பினார்கள். ஆகவே மென்பொருள் விற்க வருபவரிடம் கருவிக் குறிப்பை வாங்கிப் படிக்கும் முன், அழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றும், பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள்.