சிவகாசியிலிருந்து பால்கோவாவுக்கு

சிவகாசிக் கடைவீதியில் வழி கேட்டால் ‘இந்தியா, தமிழ்நாடு, விருதுநகர் மாவட்டம்’ என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. ‘இதே தெருவில் நாலாவது கடை’ என்பார்கள். தபால் உறையில் மட்டும்தான் 626123 வரை முழுசாக எழுத வேண்டியிருக்கிறது. இணைய முகவரிக்கும் இந்த இரண்டு பேச்சும் உண்டு. ‘எச்டிடிபிஎஸ்’ போன்ற நெறிப்பெயரும் முக்காற்புள்ளியும் முன்னால் நின்றால் அது முழு முகவரி. எங்கே எழுதினாலும் ஒரே இடத்தைத்தான் காட்டும். அவை இல்லையென்றால் சார்பு முகவரி. உலாவி, தான் நிற்கும் பக்கத்தின் முகவரியை வைத்து மீதியை நிரப்பிக்கொள்ளும். முன்னதைப் படிக்க வித்தை ஒன்றும் வேண்டாம். கலை பின்னதில்தான் இருக்கிறது.

கணினி அறிஞர் ராய் ஃபீல்டிங் 1995இல் எழுதி, 2005இல் டிம் பெர்னர்ஸ்-லீ, லாரி மாசிண்டர் இருவரோடும் சேர்ந்து செப்பம் செய்த சார்பு முகவரி விதிகளின் சிக்கனத்தை ரசிக்க ஓர் உதாரணம் போதும். நாம் நிற்கும் பக்கம் /விருதுநகர்/சிவகாசி/பட்டாசு என்று வைத்துக்கொள்வோம். அங்கே வெறுமனே ‘தீப்பெட்டி’ என்று எழுதினால், கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள ‘பட்டாசு’ உதிர்ந்து அந்த இடத்தில் ‘தீப்பெட்டி’ அமரும். ‘../ஸ்ரீவில்லிபுத்தூர்/பால்கோவா’ என்றால் இரண்டு புள்ளிகள் சிவகாசியை விட்டு ஒரு படி மேலேற்றி, /விருதுநகர்/ஸ்ரீவில்லிபுத்தூர்/பால்கோவா என்று இறக்கிவிடும். எத்தனை ‘../’ போட்டாலும் உச்சிக்கு மேல் ஏறாது, அங்கேயே நின்றுகொள்ளும். சாய்கோட்டின் அருமை தெரிய வேண்டுமானால் /விருதுநகர்/சிவகாசி என்று கோடில்லாமல் முடித்துவிட்டு ‘தீப்பெட்டி’யைத் தேடிப் பாருங்கள். உதிர்வது சிவகாசி, தீப்பெட்டி விருதுநகருக்குப் போய்விடும். ஊருக்கும் ஊருக்குள் இருப்பதற்கும் நடுவே ஒரே ஒரு கோடு!

இடம் மாறினால் பொருளும் மாறும் முகவரியை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயம்தான். சார்பு முகவரியை மட்டும் வெட்டி மின்னஞ்சலில் அனுப்பினால், ‘நாலாவது கடை’ என்று மட்டும் எழுதிய உறையைப் போல அது அநாதை. ஆனால் முழு முகவரி அழியாது என்பதும் பாதி உண்மைதான். விருதுபட்டி 1923இல் விருதுநகரானது. சிவகாசி இருக்கும் மாவட்டமோ 1985 வரை ராமநாதபுரம், பிறகு காமராஜர், 1997இல் விருதுநகர். எந்தக் கட்டடமும் ஓரடி நகரவில்லை. அச்சடித்து வைத்த முழு முகவரிகள்தான் பழசாயின. இணையத்திலும் தளத்தின் பெயர் மாறும்போது உள்ளே எழுதிய முழு முகவரிகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ‘../சாத்தூர்’ என்று எழுதியவருக்கு அந்த வேலை இல்லை, சாத்தூர் சிவகாசிக்குப் பக்கத்திலேயே இருக்கும்வரை.