மேற்கோள் எண்ணும் கொழுந்து நிறையும்

ஆய்வாளர் ஒருவரின் தகுதியை, அவரது கட்டுரைகள் எத்தனை முறை பிறரால் சுட்டப்பட்டன என்பதைக் கொண்டு நிறுக்கும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. 1955இல் யூஜின் கார்பீல்ட் முன்மொழிந்து 1964இல் வெளிவரத் தொடங்கிய அறிவியல் மேற்கோட் சுட்டி, கட்டுரை தேடுவோருக்கான துணைக்கருவியாகவே பிறந்தது. 2005இல் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் வகுத்த எண்ணோ ஆய்வாளரையே ஓர் இலக்கத்துள் அடக்கிற்று. ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையேனும் சுட்டப்பட்டிருப்பின் அவர் 20ஐ எட்டியவராவார். தேடும் கருவி தரம்பிரிக்கும் தராசாகிய இம்மாற்றத்தை, நமது மலையகத்தோடு நேரடித் தொடர்புடைய ஒரு சுகாதார ஆய்வை முன்வைத்து நோக்குவோம்.

1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து எட்ஜெர்ட்டன் முதலிய ஐவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பேராதனையில் மருத்துவம் கற்பித்த பிரையன் செனவிரத்னவும் அவருள் ஒருவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருள் ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும் மறுசாராருக்குப் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அதற்கு முன்னும் ஒரு மாதத்தின் பின்னும் அவர்கள் பறித்த கொழுந்தின் நிறை ஒப்பிடப்பட்டது. ஈமோகுளோபின் உயர்ந்தோர் கூடுதலாகப் பறித்தனர். சோகை கடுமையாயிருந்தோரிடம் முன்னேற்றமும் மிகுதியாயிருந்தது.

இம்முடிவின் முற்போக்கான சாரத்தை நாம் மறுப்பதற்கில்லை. தோட்டத் தொழிலாளியின் தளர்ச்சியைச் சோம்பல் என்று பழித்த துரைமார் மரபுக்கு இரத்தத்தின் சாட்சியம் கொண்டே விடை கூறப்பட்டது. 1973–74இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த தசாப்தத்தில் இது சிறிய பணியன்று.

ஆயினும் அளவுகோலைக் கவனித்தல் வேண்டும். உடல்நலத்தின் பயன் கொழுந்தின் நிறையாலேயே நிறுவப்படுகிறது. பூண்டுலோயாவின் டன்சினன், சீன் முதலிய தோட்டங்களில் நிறுவை நேரத்தைக் கண்டவர்க்கு இத்தராசு புதியதன்று. குறித்த நிறை சேராவிடில் அரைப் பேர் என்று பதியும் அதே தராசுதான் இங்கு மருத்துவத்தின் தராசாகவும் அமைகிறது. மலையக இலக்கியமும் இதே நிறையைப் பேசியது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில் பறிப்பவளுக்குப் பெயருண்டு, மானமுண்டு. ஆய்வுக் கட்டுரையில் அவள் ஓர் அட்டவணையின் அங்கம்.

நியாயத்தின் பொருட்டு ஒன்று கூறவேண்டும். அக்கட்டுரை வேலைத்தளத்தோடு நின்றுவிடவில்லை. அன்றாட வாழ்விற் தொழிலாளரின் உடலியக்கத்தையும் அளந்து, அதுவும் பெருகியதைக் காட்டிற்று. தண்ணீர் சுமக்க, சமைக்க, பிள்ளையோடு இருக்க மிஞ்சும் வலு அது. ஆனால் பின்வந்த பொருளியல் வாதம் பற்றிக்கொண்டது உற்பத்தியையே. 2003இல் ஹோர்ட்டனும் றொஸும் இரும்புக் குறைபாட்டின் விளைவைத் தேசிய உற்பத்தியின் இழப்பாகவே கணக்கிட்டனர்.

“கருணையால் இரும்பு வழங்காத முதலாளி, இலாபங் கருதியாவது வழங்குவானல்லவா?” என்று கேட்கலாம். தந்திரோபாயமாக இவ்வாதம் வலுவுடையதே. எனினும் இலாபம் தரும் இரத்தத்துக்கே அது உரிமை வழங்குகிறது. பேர் வெட்டப்பட்ட கிழவியும் பிள்ளைக் காம்பராவிலுள்ள குழந்தையும் கொழுந்து பறிப்பதில்லை. ஆகவே அவர்தம் சோகை இக்கணக்கில் ஏறாது. சோகைக்கு வேரான வறிய உணவும் கொக்கிப்புழுவும் அடுத்தடுத்த பேறுகளும் லயத்து வாழ்வின் விளைவுகள். சோற்றோடு குடிக்கும் வெறுந்தேநீரோ உணவின் இரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கிறது. தான் பறித்த தேயிலையே தன் இரத்தத்தைக் குறைக்கும் இம்முரண்பாட்டை மாத்திரை மட்டும் தீர்த்துவிடாது.

மேற்கோள் எண்ணும் இதே தர்க்கத்தின் வழிப்பட்டதாகும். எத்தனை பேர் சுட்டினர் என்று அது கூறும். எப்பகுதியைச் சுட்டினர், எதனைக் கைவிட்டனர் என்று கூறாது. அத்தோட்டப் பெண்களுக்கு முடிவு தமிழிற் சென்றடைந்ததா என்ற வினாவுக்கு அதில் இடமேயில்லை. பயன்பாட்டுப் பெறுமதி மறைந்து பரிவர்த்தனைப் பெறுமதி மேலோங்குவதைச் சந்தையில் மட்டுமன்றிப் புலமையுலகிலும் காண்கிறோம். பதவியுயர்வு வேண்டும் ஆய்வாளர் மேலைநாட்டுச் சஞ்சிகைக்கு எழுதுவார். தோட்ட மருத்துவ உதவியாளருக்கான தமிழ்க் கைந்நூலை எழுத அவருக்கு நேரமிராது. எழுதினும் அது எண்ணில் சேராது.

2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடலாகாதென வற்புறுத்திற்று. வரவேற்கத்தக்கதே. ஆனால் அது புலமையாளருக்குள் நீதி கோருவது. ஆய்வுக்கு இரத்தம் தந்தவர்க்குரிய நீதி வேறு.

எனவே சுகாதார ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலை நோக்கும்போது மேலும் மூன்று வினாக்களை எழுப்புதல் நமது கடன். முடிவு ஆராயப்பட்டோரின் மொழியில் அவர்களிடம் திரும்பிற்றா? நோயின் சமூக வேர் பேசப்பட்டதா? உழைக்க இயலாதவரும் அதன் பயனுக்கு உரியவராயினரா? இவற்றுக்கு விடையில்லாத பட்டியல் எத்துணை நீளமாயினும், கொழுந்தை மட்டும் நிறுத்துப் பறித்தவளை மறந்த கணக்கேயாகும்.