சும்மா ஒரு மால்

தென்காசிப் பக்கத்திலிருந்து அத்தையும் அவள் பேரனும் வந்திருந்தார்கள். பையனுக்கு ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அத்தைக்கு 74 வயது. சென்னையைப் பார்த்து இருபது வருஷமாகிறது. இன்டர்வியூ முடிந்த மறுநாள் பையன், "மாமா, ரெண்டு மூணு மால் பாத்துட்டு ஊருக்குப் போறோம்" என்றான்.

"என்னடா வாங்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம் மாமா. சும்மா."

இந்த 'சும்மா'வுக்கு யாராவது வழிகாட்டி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். சென்னை மால்களைப் பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை சதுர அடி, எத்தனை பிராண்டு, எத்தனை தியேட்டர், எத்தனை கார் நிறுத்தலாம், எல்லாம் இருக்கிறது. 74 வயசுப் பாட்டி எங்கே உட்காருவாள் என்று மட்டும் ஒன்றிலும் இல்லை. தோசைக்கு நட்சத்திரம் போடுகிறோம். இடைவேளைக்குள் சினிமாவைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறோம். மாலுக்கு மட்டும் விமர்சகர் கிடையாது, விளம்பரம்தான். ஆகவே, இந்த வாரம் மால் விமர்சனம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மால், பெயர் வேண்டாம். எஸ்கலேட்டரைப் பார்த்ததும் அத்தை இரண்டடி பின்வாங்கிவிட்டாள். லிஃப்டைத் தேடிப் பிடித்து இரண்டாவது மாடிக்குப் போனோம். அரை மணியில், "கால் கடுக்கு மருமகனே, எங்ஙனயாவது உக்காருவமா?" என்றாள். நான் பெஞ்சு தேடிப் புறப்பட்டேன். மூன்று மாடிக்கு இரண்டு பெஞ்சு தேறியது. இரண்டிலும் மனைவி துணி எடுத்து முடிக்கக் காத்திருக்கும் கணவர்கள், மடியில் பைகளோடு. காபி கடையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒரு காபி 250 ரூபாய். விலையைக் கேட்டதும் அத்தைக்குக் கால் வலி போய்விட்டது.

கடைசியில் ஒரு பெரிய செடித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, செக்யூரிட்டிப் பையன் வந்துவிட்டான். "பாட்டி, இங்க உக்காரக் கூடாது. கேமராவுல பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க."

அத்தை எழுந்துகொண்டே கேட்டாள்: "ஏய்யா, நீ காலைல இருந்து நிக்கியா? எப்பம்தான் உக்காருவ?"

"டூட்டி முடிஞ்சு பஸ்ல சீட் கெடைச்சா பாட்டி."

*

மாலின் தந்தை என்று சொல்லப்படுகிற விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர். ஹிட்லரிடமிருந்து தப்பி 1938-ல் அமெரிக்கா போனவர். மின்னசோட்டா மாநிலத்தில் எடைனா என்ற ஊரில், 1956-ல் அவர் வடிவமைத்த சவுத்டேல்தான் முழுக்கக் கூரை போட்டு, உள்ளே தட்பவெப்பத்தையும் கட்டுப்படுத்திய முதல் மால். கடைகளை அவர் ஓரமாகத்தான் யோசித்தார். நடுவில் ஒரு முற்றம், மரங்கள், பெரிய பறவைக் கூண்டு, ஜனங்கள் கூடி அரட்டையடிக்க இடம். வெளியே சுற்றிலும் வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒரு சின்ன ஊரே அவர் திட்டத்தில் இருந்தது. கட்டி முடித்தபோது கடைகளும் கார் நிறுத்துமிடமும்தான் மிஞ்சின. கடைசிக் காலத்தில் மனிதர், இவை என் பிள்ளைகளே இல்லை என்கிற மாதிரி பகிரங்கமாகவே கைகழுவிவிட்டார்.

சோகம் என்னவென்றால், அவர் பெயரில் 'க்ரூயன் ட்ரான்ஸ்ஃபர்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சோப்பு வாங்க வந்தவன் வந்த வேலையை மறந்து திரிய ஆரம்பிக்கும் கணத்துக்கு அந்தப் பெயர். நமக்குப் புதிதல்ல. ரங்கநாதன் தெருவில் ஊக்கு வாங்கப் போய் குக்கரோடு திரும்புகிறவர்கள்தானே நாம்! திரிகிறவன் நடந்துகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் யோசிப்பான், யோசித்தால் வீட்டுக்குப் போய்விடுவான். பெஞ்சு குறைவாக இருப்பதற்கு இடப் பற்றாக்குறை காரணமில்லை என்பது என் கட்சி.

*

சரி, நம்ம ஊர் மால்கள். வயதுப்படி வரலாம்.

ஸ்பென்சர் பிளாசா: 1895-ல் கட்டிய அழகான சிவப்புக் கட்டடம் 1983-ல் எரிந்துபோக, அந்த இடத்தில் எழுந்தது. இரண்டே வருஷத்தில், 1985-ல், மூர் மார்க்கெட்டும் எரிந்தது. துரைமார்களின் கடை மாலாக மறுபிறவி எடுத்தது. பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் விற்ற ஏழைகளின் மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. தீ பாரபட்சம் பார்க்கவில்லை. தொண்ணூறுகளில் காலேஜ் படித்தவர்களுக்கு ஸ்பென்சர் ஒரு சுற்றுலாத் தலம். லேண்ட்மார்க் புத்தகக் கடையில் தரையில் உட்கார்ந்து பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு மீதிக்கு மறுநாள் வந்தவர்களை எனக்குத் தெரியும். (நானும்தான்.) லேண்ட்மார்க் இப்போது இல்லை. ஸ்பென்சரிலும் பல கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கினால் பக்கம். கூட்டம் பிடிக்காதவர்கள் போகலாம்.

எக்ஸ்பிரஸ் அவென்யூ: 2010-ல் திறந்தது. அது இருக்கும் தெருவின் பெயரைக் கவனியுங்கள். கிளப் ஹவுஸ் ரோடு. வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான மெட்ராஸ் கிளப் இருந்த வளாகம் அது. பிறகு எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆகி, எத்தனையோ சினிமாக்களில் ஜமீன் பங்களாவாக நடித்தது. அன்றைக்கு நம் தாத்தா நுழைய முடியாத இடத்தில் இன்றைக்குப் பையைச் சோதித்துவிட்டு யாரையும் விடுகிறார்கள். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

வடபழனி விஜயா: 2013-ல் 'ஃபோரம் விஜயா'வாகப் பிறந்தது, இப்போது 'நெக்சஸ் விஜயா'. விஜயா-வாஹினி ஸ்டூடியோ மண். அந்த ஸ்டூடியோவில்தான் 1957-ல் 'மாயா பஜார்' எடுத்தார்கள். கடோத்கஜனின் ஆட்கள் மாப்பிள்ளை வீட்டாரை ஏமாற்ற ஜகஜ்ஜோதியாக ஒரு மாய நகரத்தை எழுப்புவார்கள். அதில் விருந்தாளிகளை நிம்மதியாக உட்காரவிடாமல் கட்டிலும் கம்பளமும் சேட்டை பண்ணும். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வேளச்சேரி ஃபீனிக்ஸ்: இதுவும் 2013. திறந்தவெளி முற்றம் ஒன்று உண்டு. க்ரூயன் ஆவி எங்காவது உலவுகிறதென்றால் சாயங்காலம் அங்கேதான் இருக்கும்.

மால்கள் மேல் எனக்கு விரோதமில்லை. மே மாதச் சென்னையில் காசில்லாமல் குளிர்காற்று வேறெங்கே கிடைக்கும்? நாலு பெண்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு நடக்க முடிகிறது. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. சக்கர நாற்காலி போகச் சாய்தளம் இருக்கிறது. மாநகரம் செய்து தராத இதையெல்லாம் மால் செய்து தருகிறது. அதனால்தான் பெஞ்சையும் அங்கே எதிர்பார்க்கிறோம்.

*

நிற்கிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்த அதே 2010-ல்தான் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தது. நாள் பூராவும் நின்றே வேலை பார்க்கும் கடைப் பிள்ளைகளை அப்போதுதான் பலர் நிமிர்ந்து பார்த்தோம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் கழித்து, 2021-ல், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக அரசு திருத்தியது. வேலை செய்கிறவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரவேண்டும் என்பது இப்போது சட்டம். கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அடுத்த முறை மாலுக்குப் போனால் கல்லாவுக்குப் பின்னால், துணி மடிக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேனேஜரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பில் போடும்போது கேட்டால் பலன் அதிகம்.

மறுநாள் அத்தையைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிப் போனேன். 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இடமும் போட்டிருக்கிறார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலையைக் காலி செய்தாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் பேரன் இன்டர்வியூ வரை சொல்லி முடித்துவிட்டாள். யாரும் எழுப்பவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போயிருந்தால் அதே இடத்தில் அப்பளமாகியிருப்பாள் என்பதும் உண்மை. குளிர் இருக்கும் இடத்தில் பெஞ்சு இல்லை, பெஞ்சு இருக்கும் இடத்தில் நிழல் போதவில்லை.

மாலுக்குப் போகிறவர்களுக்கு என் வழிகாட்டி இவ்வளவுதான். வார நாளில், காலை பதினொரு மணிக்குப் போங்கள். கூடுமானவரை மெட்ரோவில் போங்கள். பெரியவர்களோடு போனால் லிஃப்ட் எங்கே என்று முதலில் கேளுங்கள், அப்புறம் பெஞ்சு. இரண்டும் இல்லையென்றால் நேரே ஃபுட் கோர்ட். அங்கே உட்கார்ந்தால் சாப்பிட்டவனா, சாப்பிடப் போகிறவனா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மால்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாசலில் வைக்கும் வரைபடத்தில் கடைகளோடு பெஞ்சுகளையும் குறியுங்கள். குறிக்க ஆரம்பித்தால்தான் எத்தனை குறைவென்று உங்களுக்கே தெரியும்.

பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அத்தை போனில் சொன்னாள்: "அடுத்த மாசம் அவனை விட வருவேன். அந்த மாலுக்கு இன்னொருக்க போவமா மருமகனே? ஜமுக்காளம் நான் எடுத்துட்டு வாரேன்."