கரடியோடு பேசுதல்: ஹேர்சொக்கின் விவரணப்படம் பற்றிய ஒரு நோக்கு

செய்யுளில் விலங்கோடு பேசுவதற்குத் தமிழில் இலக்கண அனுமதி உண்டு. ஞாயிறு, திங்கள், கடல், மரம், புள், நெஞ்சு ஆகியவற்றோடு விலங்கையும் ஒருங்கு வைத்து, அவை நம் பேச்சைச் செவிமடுப்பனபோலவும் மறுமொழி தருவனபோலவும் பாவித்துக் கூறலாம் என்பது தொல்காப்பியச் செய்யுளியல் தரும் விதி. அவ்விதியின் உயிர் 'போல' என்ற சொல்லிலே உள்ளது. நெய்தல் நிலத் தலைவி நாரையை விளித்துத் தன் துயரை உரைக்கும்பொழுது, நாரை கேளாது என்பதை அவளும் அறிவாள், நாமும் அறிவோம். அவ்வறிவே அப்பேச்சுக்கு அவலச்சுவையை அளிக்கின்றது. 'போல' கழன்றுவிடுமாயின் என்ன நிகழும்? இவ்வினாவை மனங்கொண்டே, ஜேர்மனிய நெறியாளர் வேர்னர் ஹேர்சொக் 2005இல் வெளியிட்ட 'கிறிஸ்லி மேன்' என்னும் விவரணப்படத்தை ஈண்டு நோக்க விரும்புகின்றேன்.

படத்தின் நாயகர் திமோதி ட்றெட்வெல் என்னும் அமெரிக்கர். 1957இல் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தவர். நடிகராக முயன்று வெற்றி காணாதவர். குடிப்பழக்கத்துக்கு அடிமையாகிக் கரடிகளைக் கண்ட பின்னரே அதிலிருந்து மீண்டதாகத் தாமே கூறியவர். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவிலே பதின்மூன்று கோடைகளைப் பழுப்புக் கரடிகளின் நடுவே கழித்தார். துப்பாக்கியை அவர் நாடவில்லை. பிற்காலத்திற் கரடியை விலக்கும் மிளகாய்த் தெளிப்பானையும் மின்வேலியையுங்கூடக் கைவிட்டார். இறுதி ஐந்து கோடைகளிற் கமராவொன்றை உடன்கொண்டு சென்று, சுமார் நூறு மணி நேரக் காட்சிகளைப் பதிவுசெய்தார். 2003 ஒக்டோபர் 5ஆந் திகதி கஃப்லியா குடாவருகே அவரும் அவர் தோழி ஏமி ஹியூகனார்ட் என்பவரும் கரடியாற் கொல்லப்பட்டனர். 1918ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்டு வரும் அந்நிலத்திற் கரடியால் மனிதர் கொல்லப்பட்டதாக அறியப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே. ட்றெட்வெல் விட்டுச்சென்ற காட்சிகளையும், அவரை அறிந்தோர் கூற்றுக்களையும், தம் குரலில் அமைந்த உரையையும் இணைத்து ஹேர்சொக் தமது படத்தை ஆக்கியுள்ளார்.

கரடியின்பால் மனிதர் கொள்ளும் ஈர்ப்பு விளங்காத ஒன்றன்று. அது பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கின்றது. களைத்த மனிதன் அமர்வதுபோல் அமர்கின்றது. குதிகால் பதிய நடப்பதால் அதன் பின்னடிச் சுவடு நமது சுவட்டை நினைவூட்டுகின்றது. தாய் தன் குட்டிகளை இரண்டு மூன்றாண்டுகள் உடன்வைத்துப் பேணுகின்றது. ட்றெட்வெல் இவ்வொப்புமையை உறவாக்கிக்கொண்டார். கரடிகளுக்கு அவர் இட்ட பெயர்களை நோக்குக: சார்ஜன்ட் பிரவுன், மிஸ்டர் சொக்லேட், மெலிசா மாமி. படைப் பதவி, இனிப்பு, உறவுமுறை ஆகிய மூன்றும் மனித வாழ்விலிருந்து எடுத்து வனத்தின்மீது சாத்தப்பட்டவை. தம் அன்பை அவர் கரடிகளை நோக்கி மீண்டும் மீண்டும் வாய்விட்டுச் சொல்கின்றார். அவ்வன்பிற் போலித்தனம் இல்லை. படத்தைக் காணும் எவரும் அதனை ஐயுறார். அதனாலேயே அது நம்மைக் கலங்கவைக்கின்றது.

ஒரு காட்சியை இங்கு விரித்துரைத்தல் வேண்டும். சாட்டர்ன் என அவர் பெயரிட்ட பெண்கரடியை முன்னிட்டு, சார்ஜன்ட் பிரவுன், மிக்கி என்னும் இரு ஆண்கரடிகள் பொருதுகின்றன. கமரா அசையாது நிற்கின்றது. மண் கிளறப்படுகின்றது, உரோமம் பறக்கின்றது, பேருடல்கள் ஒன்றையொன்று கௌவிப் புரட்டுகின்றன. வனவிலங்குப் படங்களில் இத்துணை நெருக்கத்திலும் நிதானத்திலும் பதிவான காட்சிகள் அரியன. போர் ஓய்ந்ததும் ட்றெட்வெல் தோற்ற கரடியை அணுகி, காதலிற் தோற்ற நண்பனைத் தேற்றுவதுபோலப் பேசத் தொடங்குகின்றார். சற்றுமுன் கண்ட பேராற்றல் முழுவதும் அப்பேச்சிற் சிறுத்துப்போகின்றது. கமரா கண்டதை அதன் உரிமையாளர் காணவில்லை. இப்படம் முழுவதிலும் ஓடும் முரண் இதுவே.

மற்றொரு காட்சி. மழை பொய்த்து ஓடைகள் வற்றியதாற் சால்மன் மீன்கள் ஏறி வர இயலவில்லை; கரடிகள் பசியால் வாடுகின்றன. கூடாரத்தினுள் அமர்ந்து ட்றெட்வெல் கிறிஸ்துவையும் அல்லாவையும் இந்துக்களின் தெய்வத்தையும் விளித்து, மழை தருமாறு ஏசிக் கேட்கின்றார். பின்னர் மழை பெய்கின்றது. நம் கோவில்களில் மழை வேண்டிப் பதிகம் ஓதுவோர்க்கு இது விசித்திரமாகத் தோன்றாது. விளித்தவற்றுள் விடை வந்ததாக அவர் கருதத்தக்க ஒரே விளி அதுவாயிருந்திருக்கலாம். கரடிகளிடமிருந்து அவர் பெற்றது வேறு: பொறுதி.

அப்பொறுதியின் காரணம் உயிரியலாளர் அறிந்ததே. கட்மாய்க் கரையோரத்திற் கோரைப்புல், மட்டி, சால்மன் ஆகியன மிகுதி. உணவு நிறைந்துள்ள இடத்திற் கரடிகள் ஒன்றையொன்று பொறுத்து வாழ்கின்றன. தமக்கு இடையூறு செய்யாத மனிதனையும் பொறுத்துக்கொள்கின்றன. கோடை கழிய நிலைமை மாறுகின்றது. பனிக்கால உறக்கத்துக்கு முன் உடலிற் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டிய கரடி ஓயாது உணவு தேடுகின்றது. பழகிய கரடிகள் அகன்ற இடத்துக்குப் பழகாதவை வருகின்றன. வழக்கமாகச் செப்டெம்பர் முடிவில் நீங்கிவிடும் ட்றெட்வெல், அவ்வாண்டு விமான நிலையத்தில் ஏற்பட்ட ஒரு பிணக்கின் பின் மனம் மாறி, மீண்டும் காட்டுக்குத் திரும்பியிருந்தார். பதின்மூன்று கோடைகளின் பொறுதியை அவர் மறுமொழியென வாசித்தமையே அவர் கொண்ட மயக்கத்தின் அடிப்படை.

ஹேர்சொக் இம்மயக்கத்தை மறுக்கின்றார். கரடிகளின் முகங்களில் உறவையோ இரக்கத்தையோ தாம் காணவில்லை என்றும், உணவில் மட்டும் சிறிது நாட்டங்கொண்ட வெற்றுப் பார்வையையே காண்பதாகவும், பிரபஞ்சத்தின் இயல்பு ஒழுங்கின்மையும் பகையும் கொலையுமே என்றும் உரைக்கின்றார். இதனைத் தெளிந்த யதார்த்தநோக்கு எனப் பாராட்டினோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரடிக்கு உள்ளது பசி. பசியைப் பகையென்பது, பொறுதியை அன்பென்பதற்கு எவ்வகையிற் குறைந்த கற்பனை? ட்றெட்வெல் ஒரு விலங்கின் முகத்திலே தோழமையைப் படித்தார். ஹேர்சொக் அதே முகத்திலே பிரபஞ்சத் தத்துவம் ஒன்றைப் படிக்கின்றார். 'போல' இருவரிடத்தும் இல்லை.

எனினும் நெறியாளர் என்ற வகையில் ஹேர்சொக்கின் நுண்ணுணர்வு குறைத்து மதிக்கத்தக்கதன்று. இறுதித் தாக்குதலின்போது கமராவின் கண் மூடியிருந்தது. ஒலி மட்டும் ஏறக்குறைய ஆறு நிமிடங்கள் பதிவாயிற்று. அதனை அவர் நமக்குக் கேட்பிக்கவில்லை. முதுகு தெரியுமாறு அமர்ந்து அவர் அதனைச் செவியில் வாங்குகையில், எதிரே அமர்ந்திருக்கும் ட்றெட்வெல்லின் பழைய தோழியின் முகத்தையே காண்கின்றோம். ஒருபோதும் இதனைக் கேளாதீர், அழித்துவிடும் என்று அவரிடம் கூறுகின்றார். படத்தில் அவர் தத்துவம் பேசாத இவ்விடமே படத்தின் உச்சம்.

அலுட்டீக் மக்களைச் சேர்ந்தவரும், கொடியாக் தீவிலுள்ள அலுட்டீக் அரும்பொருளகத்தின் பொறுப்பாளராக இருந்தவருமான ஸ்வென் ஹாக்கன்சன் சில நிமிடங்களே தோன்றுகின்றார். கரடிக்கும் தம் மக்களுக்கும் இடையே ஏழாயிரம் ஆண்டுகளாகக் காக்கப்பட்ட எல்லையை ட்றெட்வெல் கடந்தார் என்பதும், மனிதருக்கு அஞ்சாதிருக்கக் கரடிகளைப் பழக்கியது அவற்றுக்கே தீங்கு என்பதும் அவர் கருத்து. கரடியோடு ஒரே நிலத்தில் வாழும் மக்களுக்கு விலகி நிற்றலே மரியாதை. படம் தங்கியிருக்க வேண்டிய இவ்விடத்தை விரைந்து கடந்துவிட்டது. நம் அகப்பாடல்களில் வரும் எண்கும் இத்தொலைவிலேயே நிற்கின்றது. அது இரவிலே புற்றைக் கிளறிப் புற்றாஞ்சோறு தின்னும். உதிர்ந்த இலுப்பைப் பூவை நாடிவரும். தலைவன் வரும் வழியின் ஏதங்களுள் ஒன்றாகும். அதன் உணவைப் பாடிய புலவர்கள் அதன் உள்ளத்தைப் பாடவில்லை.

ஏமி ஹியூகனார்ட்டைப் பற்றி எழுதாது விடுதல் முறையன்று. அத்துணை மணி நேரக் காட்சிகளில் அவர் சில கணங்களே தென்படுகின்றார். முகமும் தெளிவாகத் தெரிவதில்லை. தாம் வனத்திலே தனித்து வாழ்வதாகக் கமராவிடம் கூறிய ட்றெட்வெல்லுக்கு, அருகிருந்தவரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தவேண்டியிருந்தது. கரடிகளுக்கு அவர் அஞ்சினார் என்பதை ட்றெட்வெல்லின் நாட்குறிப்பே காட்டுகின்றது. தாக்குதலின்போது அவர் ஓடித் தப்பாது கரடியைப் பொரிக்கும் தட்டால் அடித்ததாக ஒலிப்பதிவைக் கேட்ட மரண விசாரணை அதிகாரி படத்திற் கூறுகின்றார். கரடிகளின் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் பார்வையாளர் பலர் இவர் பெயரை மறந்துவிடுகின்றனர்.

உடல்களை மீட்கச் சென்றோர் இரு கரடிகளைச் சுட்டுக் கொன்றனர். மூத்தது ஏறத்தாழ 28 வயதினது. முன்னரே இலக்கமிடப்பட்டிருந்த அதன் பெயர் 141. கட்மாய்ப் பூங்கா தன் கரடிகளை இன்றும் இலக்கத்தாலேயே குறிக்கின்றது; 50 யார் தூரத்துக்குள் அவற்றை அணுகுவதும் தடை. ஆயினும் புறூக்ஸ் ஆற்றங்கரைக் கமராக்கள் வழியே உலகெங்குமிருந்து அவற்றைக் காண்போர் 480க்கு ஒட்டிஸ் என்றும் 128க்கு கிறேசர் என்றும் பெயர் வழங்கி, மிகக் கொழுத்த கரடி எதுவென 2014 முதல் ஆண்டுதோறும் வாக்களித்து வருகின்றனர். 2024 செப்டெம்பர் 30ஆந் திகதி, அக்கமராக்களின் முன்னிலையிலேயே 469ஆம் இலக்கக் கரடி 402ஆம் இலக்கப் பெண்கரடியைத் தாக்கிக் கொன்றது. போட்டி அட்டவணையை வெளியிடுவதை அமைப்பாளர் ஒரு நாள் பிற்போட்டனர். அதன்பின் வாக்களிப்பு வழக்கம்போல் நடைபெற்றது.