காக்-அப்பா, கட்டைவிரல் பட்டையா?

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் வழுக்கி விழுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பாசி பிடித்த பாறை, முன்னால் குளித்தவர் உடம்பிலிருந்து வழிந்த எண்ணெய், பின்னாலிருந்து நெருக்கும் கூட்டம். விழுகிற நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. உள்ளங்கை தானாக முன்னே ஊன்றுகிறது, உடம்பின் எடை மொத்தமும் மணிக்கட்டில் இறங்குகிறது. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் வந்து, தென்காசி மருந்துக்கடை ஒன்றில் “கை சுளுக்கிட்டு, ஒரு பெல்ட் குடுங்க” என்று கேட்டால், கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே சாமான்தான்: காக்-அப் ஸ்பிளிண்ட்.

மோசமான சாமான் இல்லை அது. மொஹாலியின் டைனார், மும்பையின் விஸ்கோ என்று நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன; சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கை வலி என்றால் எல்லோருக்கும் இதையே மாட்டிவிடுகிறார்கள். ஸ்பிளிண்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது விலையோ நிறமோ அல்ல. எந்த மூட்டு அசையக் கூடாது, எது அசைந்தே ஆக வேண்டும் என்ற இரண்டும்தான்.

காக்-அப்பைப் பிரித்துப் பார்த்தால் அதன் வேலை புரியும். துணியும் நுரையும் சேர்ந்த உறை, இறுக்க மூன்று வெல்க்ரோ பட்டைகள். உள்ளங்கைப் பக்கம் நீளமான ஒரு பை தைத்திருப்பார்கள். அதற்குள் விரலை விட்டு இழுத்தால் அலுமினியத் தகடு வெளியே வரும். தகடு நேராக இருக்காது; மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக 20 முதல் 30 டிகிரி நிமிர்ந்து நிற்கும்படி வளைத்திருப்பார்கள். டம்ளரைப் பிடிக்கும்போது கை இயல்பாக நிற்கிற நிலை அது. சாதாரணச் சுளுக்குக்கு அந்த வளைவு சரி.

மாட்டிப் பார்க்காமல் பில் போடச் சொல்லக் கூடாது. மாட்டிய கையை மெல்ல மூடிப் பாருங்கள். பட்டையின் மேல் விளிம்பு, உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே ஓடும் ரேகையைத் தாண்டியிருந்தால் விரல்கள் அடிவரை மடங்காது. அந்த அளவு வேண்டாம். கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் நுனியைத் தொட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், சில வாரம் கழித்துப் பட்டையைக் கழற்றும்போது மணிக்கட்டு சரியாகியிருக்கும், விரல்கள் விறைத்திருக்கும்.

பாறையில் கை ஊன்றியவருக்கு மட்டும் காக்-அப்பை நம்பக் கூடாத ஒரு காரணம் உண்டு. கட்டைவிரலை நிமிர்த்தித் தூக்கினால், அதன் அடியில் மணிக்கட்டு ஓரமாக ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தும்போது சுரீர் என்று வலித்தால் ஸ்கேஃபாய்ட் எலும்பு உடைந்திருக்கலாம். முந்திரிப் பருப்பு அளவே உள்ள எலும்பு. இதற்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் மணிக்கட்டுப் பக்கத்துப் பாதி ரத்தமில்லாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. போதாததற்கு, முதல் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால்தான், சந்தேகம் இருந்தால் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பைகா வகைப் பட்டையையோ மாவுக்கட்டையோ போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். ‘எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல’ என்ற நிம்மதியில் இந்த இரண்டாவது எக்ஸ்ரேயை விட்டுவிடுகிறவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள்.

விழாமலே வருகிற வலி இந்த மாவட்டத்தில் இன்னும் அதிகம். ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர்ப் பக்கம் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, கட்டைவிரலால் உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. கட்டைவிரலை இழுக்கும் தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன; ஓயாத உராய்வில் அந்த உறை தடித்துவிடும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டி குவெர்வெய்ன் 1895-ல் இந்த நோயை விவரித்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உயிர்போகிற வலி எடுக்கும்.

இவர்களுக்குக் காக்-அப் தெண்டச் செலவு. அது கட்டைவிரலைத் தொடுவதே இல்லை. வேண்டியது முன்கையிலிருந்து கட்டைவிரலின் நடுப்பகுதிவரை பிடிக்கும் பட்டை. நகத்தை ஒட்டிய மூட்டு வெளியே இருக்கலாம். ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஒரு பீடிகூடச் சுற்ற முடியாது. ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கூலியை யார் கொடுப்பது? இரவிலும் வேலை இல்லாத நேரத்திலும் மட்டும் போட்டால் கொஞ்சம் தணியும், முழுப் பலன் கிடைக்காது. வாரக்கணக்கில் தீராவிட்டால் அந்த உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்பது, மூன்றாவது பட்டை வாங்குவதைவிட மேல்.

நடுராத்திரி கை மரத்து எழுந்து உதறுகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கு மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நெருக்கப்படுகிறது. மணிக்கட்டு எந்தப் பக்கம் வளைந்தாலும் அந்த நெருக்கம் கூடும். இவர்கள் அதே காக்-அப்பை வாங்கலாம்; ஆனால் தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கிவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். இரவில் மட்டும் போட்டால் போதும். கடையில் இந்த ஒரு வரியை யாரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளை யாரும் படிப்பதில்லை.

விரல் நுனியில் பந்து பட்டு, கடைசி மூட்டு தொங்கிப்போனால் அதற்கு இருப்பது தொப்பி மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை, ஸ்டாக் ஸ்பிளிண்ட். இருப்பதிலேயே மலிவு, இருப்பதிலேயே கண்டிப்பு. ஆறு முதல் எட்டு வாரம் அந்த மூட்டு ஒரு நொடிகூட மடங்கக் கூடாது. கழுவுவதற்காகக் கழற்றும்போது விரலை மேசைமேல் நீட்டி வைத்தபடியே கழற்ற வேண்டும். ஒரு முறை மடங்கிவிட்டால் நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. பிள்ளைகளின் முன்கை எலும்பு இரண்டாக உடையாமல், நசுங்கிப் புடைத்து மட்டும் நிற்பதுண்டு. பிரிட்டனில் இப்படிப்பட்ட 965 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2022-ல் லான்செட் இதழில் வந்தது. மெத்தென்ற துணிக்கட்டுப் போட்டவர்களுக்கும் விறைப்பான பட்டை போட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வேறுபாடு இல்லை. இது அந்த வகை முறிவுக்கு மட்டும். எந்த வகை என்று எக்ஸ்ரேதான் சொல்லும்.

நாட்டுக்கட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தில் கை முறிவைப் பற்றி எழுத முடியாது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும் ஒரு ஸ்பிளிண்ட்தான். எலும்பை அசையாமல் நிறுத்தும் தத்துவம் ஒன்றே. தப்பு நேர்வது சுற்றி இறுக்குவதில். அடிபட்ட கை முதல் இரண்டு மூன்று நாள் வீங்கும். கட்டு இடம் கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தம் நின்று, தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் இதை 1881-லேயே எழுதினார். ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழு மாவுக்கட்டுப் போடாமல் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் மாவுப் பலகை வைத்துத் துணி சுற்றுவதற்கும் இந்த வீக்கமே காரணம். வெல்க்ரோ பட்டை இந்த இடத்தில் ஜெயிக்கிறது: வீங்கினால் தளர்த்தலாம், வடிந்தால் இறுக்கலாம்.

சாரல் காலத்தில் அதே பட்டை தோற்கும் இடமும் உண்டு. அருவியில் நனைந்த நுரை லேசில் காயாது. ஈரப் பட்டைக்குள் தோல் ஊறி, அரிப்பெடுத்து, நாற்றம் அடிக்கும். கை, நுண் அறுவைத் துறை உள்ள பெரிய மருத்துவமனைகளில் சிகிச்சையாளர் வெந்நீரில் இளக்கிக் கையின் மேலேயே வார்த்துக் கொடுக்கும் தெர்மோபிளாஸ்டிக் பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை; துடைத்தால் காய்ந்துவிடும். ஆனால் சுமார் 70 டிகிரி சூட்டில் இளகும் சாமான் அது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ அடுப்படியிலோ வைத்தால் வடிவம் போய்விடும்.

சர்க்கரை நோயால் கை மரத்தவர்களுக்குப் பட்டை உறுத்துவது தெரியாது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளில் கண்டதும் இதுதான்: வலி தெரியாத கை, காயத்தை அறியாமலே வளர்த்துக்கொள்ளும். சர்க்கரை நோயால் கை மரத்தவர்கள் தினமும் இரண்டு முறை பட்டையைக் கழற்றி, விளிம்பு பதிந்த இடம் சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

எந்தப் பட்டையானாலும், மாட்டுவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் நுனி வெளுத்தாலோ நீலமானாலோ, உடனே தளர்த்துங்கள். அப்படியும் நிறம் திரும்பவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் தென்காசி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.