தடுப்பு நரம்பணுக்களின் மின் இணைவு: 1999ஆம் ஆண்டு ஆய்வுகள் குறித்து

நரம்பணுக்களிடையே செய்தியைக் கொண்டுசெல்வது வேதிப்பொருள்தான் என்று பள்ளி நூல்கள் கூறுகின்றன. நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் அப்படித்தான் படம் வரைந்தேன். ஆனால் இறாலைப் போன்ற நன்னீர் உயிரியான கிரேஃபிஷில் மின்னோட்டம் நேரடியாகவே கடந்து செல்வதை ஃபர்ஷ்பானும் பாட்டரும் 1959இலேயே விரிவாகக் காட்டிவிட்டனர். அதன் பிறகும், பாலூட்டிகளின் பெருமூளைப் புறணியில் இதற்குப் பெரிய பங்கு இல்லை என்றே பலர் எண்ணினர்.

அந்த எண்ணத்தை அசைத்தவை 1999இல் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வெளியான இரண்டு கட்டுரைகள். ஒன்றை கலரெட்டாவும் ஹெஸ்ட்ரினும் எழுதினர். மற்றதை கிப்சன், பையர்லைன், கானர்ஸ் ஆகியோர் எழுதினர். சோதனை எளிமையானது. எலி மூளையின் மெல்லிய சீவலில், அருகருகே உள்ள இரண்டு தடுப்பு நரம்பணுக்களில் ஒன்றுக்கு மின்னோட்டம் செலுத்தினால் மற்றதன் மின்னழுத்தம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாறியது, இரு திசையிலும் மாறியது. கிப்சன் குழுவினர் கண்ட இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே வகை அணுக்கள் தம் வகையோடு இணைந்திருந்தன, வேறு வகையோடு இணைவது அரிது. தற்செயலான கசிவு என்றால் இத்தகைய தேர்வு இருக்காது.

குறை என்று சொன்னால், இரண்டும் இளம் எலிகளில் செய்யப்பட்டவை. வளரும் மூளையில் இத்தகைய இணைவு பொதுவாகவே மிகுதி. வளர்ந்த சுண்டெலிகளிலும் அது நீடிப்பதை கலரெட்டாவும் ஹெஸ்ட்ரினும் 2002இல் காட்டியது இக்குறையைப் பெரிதும் நீக்கியது.

பெரிய குறை ஆய்வுகளில் இல்லை, அவற்றைப் படித்துச் சொல்பவர்களிடம்தான். 'மூளையின் தாளத்தை உருவாக்குவதே இந்த இணைவு' என்று எழுதுகிறார்கள். ஓர் அணுவின் துடிப்பு அடுத்ததில் சிறு அசைவாகவே தெரிகிறது. அமைதியாக உள்ள அணுவை அது தனியே துடிக்க வைக்காது, துடிக்கவிருப்பதன் நேரத்தைச் சற்று நகர்த்தும். இணைவுக்குரிய கனெக்சின் 36 புரதம் இல்லாத சுண்டெலிகளில் 2001இல் செய்த ஆய்வுகளில் ஒத்திசைவு குன்றியது உண்மை. ஆயினும் அந்தச் சுண்டெலிகள் உயிர்வாழ்ந்தன.

கோல்கியின் வலைக்கோட்பாடே வென்றது என்போரும் உண்டு. அதுவும் சரியல்ல. இடைவெளி ஏறத்தாழ 3 நானோமீட்டர்தான் என்றாலும் ஒவ்வோர் அணுவுக்கும் தனிச் சவ்வு இருக்கிறது. நடுவே புரதக் குழாய்கள் மட்டுமே. ககாலின் தனியணுக் கொள்கை அப்படியே நிற்கிறது.